கண்ணுக்குத் தெரியாத குஞ்சுக்கு இரை தேடியவர்

ஜப்பான் விஞ்ஞானி புஜினாகாவின் வாழ்க்கை

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. கரிசல் பூமி உண்டு. விசைத்தறி உண்டு. பூச்சந்தை உண்டு. ஆடித்தபசு உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகவேண்டும். சுமார் 100 கிலோமீட்டர்.

ஆனாலும் சங்கரன்கோவில் வீடுகளில் இறால் குழம்பு மணக்கத்தான் செய்கிறது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து லாரியில் வந்து இறங்குகிறது.

இந்த இறால் எல்லாம் வலை போட்டுப் பிடித்ததா? இல்லை. இந்தியாவில் இருந்து கப்பல் ஏறும் இறாலில் பெரும் பங்கு, குளம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, தீனி போட்டு வளர்த்தது.

நெல் விளைய விதைநெல் வேண்டும். இறால் விளைய இறால் குஞ்சு வேண்டும். லட்சக்கணக்கில் வேண்டும். அந்தக் குஞ்சுகளைக் கடலில் தேடிப் பிடித்து மாளாது. பொரிப்பகத்தில்தான் உண்டாக்க வேண்டும்.

அதற்கு வழி கண்டவர் ஒரு ஜப்பான்காரர். அவர் பெயர் மோட்டோசாகு புஜினாகா.

அவர் அந்த வழியைக் காண எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? ஏறக்குறைய 30 ஆண்டு! அந்த 30 ஆண்டையும் தின்றது ஒரே ஒரு கேள்விதான்.

பிறந்து இரண்டு நாள் ஆன இறால் குஞ்சுக்கு என்ன ஊட்டுவது?

சக்கர இறால்

புஜினாகா 1903-ம் ஆண்டு பிறந்தார். ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் மேற்கு முனையில் யமாகுச்சி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதுதான் அவருடைய சொந்த ஊர்ப் பக்கம். மூன்று பக்கமும் கடல். கடலை நம்பித்தான் அங்கே பிழைப்பு.

டோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் மீன்வள இயல் படித்தார். படிப்பு முடிந்ததும் பெரிய மீன்பிடிக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். 1933-ல் அவர் இறால் ஆராய்ச்சியில் இறங்கினார். ஜப்பானின் தெற்கே, அமாகுசா என்னும் தீவுக் கூட்டத்தில் அவருடைய வேலை நடந்தது.

அவர் எடுத்துக்கொண்ட இறாலுக்கு ஜப்பானிய மொழியில் குருமா இறால் என்று பெயர். குருமா என்றால் சக்கரம். அதன் உடம்பில் பழுப்பு நிறப் பட்டைகள் இருக்கும். உடம்பை வளைத்தால் அந்தப் பட்டைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலத் தெரியும். அதனால் அந்தப் பெயர். நாம் சாப்பிடும் குருமாவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது!

ஜப்பான்காரர்களுக்கு இந்த இறால் என்றால் உயிர். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவார்கள். நம் ஊர் பஜ்ஜி மாதிரி. அதற்கு டெம்புரா என்று பெயர். பெரிய ஓட்டல்களுக்கு இறால் உயிரோடு போய்ச் சேர வேண்டும். குளிர வைத்த மரத்தூளில் புதைத்து அனுப்புவார்கள். தண்ணீர் இல்லாமலே பல மணி நேரம் உயிரோடு இருக்கும். விலையும் அதற்கு ஏற்ற விலைதான்.

இவ்வளவு விலை போகும் இறாலைக் கோழி வளர்ப்பது போல வளர்க்க முடியாதா? கடலில் வலை வீசுகிறவன் வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் கூட இறால் கிடைக்கும்படி செய்ய முடியாதா? இளைஞர் புஜினாகா இந்தக் காரியத்தைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

நள்ளிரவில் முட்டை

இறால் மீன் என்று சொல்கிறோம். உண்மையில் இறால், மீன் இனம் அல்ல. நண்டுக்குத்தான் அது சொந்தம். நண்டைப் போலவே ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர்கிறது.

சினை முற்றிய தாய் இறால் கடலின் ஆழத்துக்குப் போய், இரவு நேரத்தில் முட்டை இடுகிறது. நீந்திக்கொண்டே இடுகிறது. சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு தாய் சில லட்சம் முட்டை வரை இடும். ஒரு முட்டையின் குறுக்களவு கால் மில்லிமீட்டர்தான்.

கடலுக்கு அடியில், இருட்டில் நடக்கும் இந்தக் காரியத்தை யார் பார்க்க முடியும்? புஜினாகா பார்த்தார். மீனவர்களிடம் இருந்து சினை இறால்களை உயிரோடு வாங்கித் தொட்டியில் விட்டார். இரவெல்லாம் கண் விழித்தார்.

தாய் இறால் முட்டை இட்டது. சுமார் 14 மணி நேரத்தில் முட்டை பொரிந்தது. இது நடந்தது 1934-ல்.

குஞ்சைப் பார்த்தால் இறால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று ஜோடிக் கால். அளவோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பூதக்கண்ணாடி வேண்டும். இதற்கு விஞ்ஞானிகள் நாப்ளியஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாப்ளியஸுக்குச் சாப்பாடு வேண்டாம். தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அதன் வயிற்றிலேயே இருக்கிறது. அது முட்டையின் மஞ்சள் கரு. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் ஓட்டிவிடும். அதற்குள் ஆறு படி தாண்டிவிடும்.

பிறகு உருவம் மாறுகிறது. அதற்கு ஜோயியா என்று பெயர். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது. வாய் திறந்துவிட்டது. இனிமேல் தின்றால்தான் உயிர்.

அங்கேதான் வந்தது வினை. லட்சக்கணக்கில் பொரிந்த குஞ்சுகள் மூன்றாம் நாள் நான்காம் நாளில் செத்து, தொட்டியின் அடியில் வெள்ளைத் தூசி போலப் படிந்தன.

நார்வே கேப்டனின் தோல்வி

இந்தத் துயரம் புஜினாகாவுக்கு மட்டும் வந்தது அல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே உலகம் இதில் தோற்றிருந்தது.

நார்வே நாட்டில் டானெவிக் என்று ஒரு கப்பல் கேப்டன் இருந்தார். கடலில் காட் மீன் குறைந்துபோகிறதே என்று அவருக்குக் கவலை. 1880-களில் பிளோடெவிகன் என்ற இடத்தில் மீன் பொரிப்பகம் கட்டினார். முட்டைகள் கோடிக்கணக்கில் பொரிந்தன. ஆனால் குஞ்சுக்கு ஊட்ட இரை இல்லை. என்ன செய்வது? வாய் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். அமெரிக்கர்களும் அப்படியே செய்தார்கள். நார்வேயில் இந்த வேலை 1971 வரை நடந்தது.

குழந்தையைப் பெற்று, பசிக்கும் நேரம் பார்த்துக் காட்டில் விட்டுவிட்டு வருவது போன்ற காரியம். விட்ட குஞ்சில் எத்தனை பிழைத்தது? கடலில் மீன் பெருகியது என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

முட்டை பொரிப்பது கஷ்டம் அல்ல. முதல் வாய் ஊட்டுவதுதான் கஷ்டம். கடல் மீன் வளர்ப்பு என்னும் தொழில் முழுவதும் அந்த ஒரு வாசற்படியில் வந்து இடறி நின்றது.

செத்த இரை ஏன் உதவாது?

கோழிக்குஞ்சுக்கு நொய் போடுகிறோம். அதுபோல ஏதாவது மாவை அரைத்துத் தூவினால் என்ன?

ஜோயியாவின் வாய் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கவேண்டும். அது மட்டும் போதாது. ஜோயியா இரையைத் துரத்திப் பிடிக்காது. போகிற வழியில் எதிர்ப்படுவதை வடிகட்டித் தின்னும். ஆகவே தண்ணீர் முழுவதும் இரை மிதக்க வேண்டும். இரவும் பகலும் மிதக்க வேண்டும்.

அரைத்த மாவு மிதக்குமா? கொஞ்ச நேரத்தில் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்த மாவு அழுகும். அழுகிய மாவு தண்ணீரைக் கெடுக்கும். கெட்ட தண்ணீரில் குஞ்சு சாகும். அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டுச் சாகும். குறைத்துப் போட்டால் பட்டினியில் சாகும்.

அழுகாமல், மூழ்காமல், எந்த நேரமும் தயாராக இருக்கும் இரை எது? உயிருள்ள இரைதான். உயிர் உள்ளது அழுகாது. உயிர் உள்ளது மிதக்கும். தின்னத் தின்னப் பெருகவும் செய்யும்!

கடலில் ஜோயியா எதைத் தின்று பிழைக்கிறது? கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத்தான். அதில் ஒரு வகைக்கு டயாட்டம் என்று பெயர். ஒவ்வொரு டயாட்டமும் மணலில் இருக்கும் சிலிக்காவைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி கட்டிக்கொள்ளும். வெயிலில் இருந்து உணவு தயாரிக்கும்.

குஞ்சை வளர்க்க வேண்டுமானால் முதலில் அதன் இரையை வளர்க்க வேண்டும். மாடு வளர்க்கிறவன் முதலில் புல் வளர்ப்பது போல. புஜினாகா இந்த முடிவுக்கு வந்தார்.

உறை ஊற்றிய பாசி

சொல்வது சுலபம். கடல் தண்ணீர் ஒரு சொட்டில் எத்தனையோ வகைப் பாசி இருக்கிறது. பாசியைத் தின்னும் பூச்சியும் இருக்கிறது. கிருமியும் இருக்கிறது. அவற்றில் வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்து எடுப்பது எப்படி?

இந்த இடத்தில் புஜினாகாவுக்கு இன்னொரு விஞ்ஞானி கைகொடுத்தார். அவர் பெயர் மாட்சுயே. ஸ்கெலடோனிமா என்ற டயாட்டத்தைத் தனியே பிரித்து வளர்க்கும் வித்தை அவரிடம் இருந்தது.

ஸ்கெலடோனிமா ஒரு மணிமாலை போல இருக்கும். சின்னச் சின்ன மணிகள் ஒன்றோடு ஒன்று கோத்து மிதக்கும். ஜோயியாவின் வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற இரை!

இதைப் பிரிக்கும் விதம் இது. நுண்பெருக்கியின் கீழ் ஒரு சொட்டுக் கடல் தண்ணீரை வைக்கவேண்டும். முடி போல இழுத்த கண்ணாடிக் குழாயால் ஒரே ஒரு மாலையை உறிஞ்சி எடுக்கவேண்டும். சுத்தமான தண்ணீரில் அலம்பவேண்டும். மறுபடி உறிஞ்சவேண்டும். மறுபடி அலம்பவேண்டும். பிறகு கொதிக்க வைத்து ஆறிய கடல் தண்ணீரில் விடவேண்டும். அந்தத் தண்ணீரில் பயிருக்கு இடுவது போல நைட்ரேட், பாஸ்பேட் உரம் கலக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டி கட்டுவதற்கு சிலிகேட் உப்பும் சேர்க்கவேண்டும். வெளிச்சத்தில் வைக்கவேண்டும்.

சில நாளில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அப்படியானால் பாசி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு அதில் கொஞ்சம் எடுத்து அடுத்த ஜாடியில் விடவேண்டும். அது தேறியதும் இன்னொரு பெரிய ஜாடி. நம் வீட்டில் நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? அதே கதைதான். உறை கெட்டுப்போனால் தயிர் இல்லை. பாசி உறை கெட்டுப்போனால் குஞ்சு இல்லை. அதனால்தான் இன்றைக்கும் பொரிப்பகங்களில் பாசி அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார்கள். பூஜை அறை மாதிரி!

புஜினாகா இந்தப் பாசியை ஜோயியா இருந்த தொட்டியில் விட்டார். குஞ்சுகள் தின்றன. தின்றதற்கு அடையாளம் என்ன? ஜோயியா வயிறு நிறையத் தின்றால் அதன் வாலுக்குப் பின்னால் நூல் போல மலம் தொங்கும். அந்த நூல்தான் சாட்சி. நூல் இருந்தால் குஞ்சுக்கு ஆயுசு உண்டு. நூல் இல்லையென்றால் அன்று இரவே இரை தேடி ஓடவேண்டும்.

ஜோயியா மூன்று படி தாண்டி, மைசிஸ் என்ற உருவத்துக்கு வந்தது. மைசிஸ் வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நீந்தும். அதற்கும் மூன்று படி. அதைத் தாண்டினால் சின்னஞ்சிறு இறால்! கால், மீசை, வால் எல்லாம் இறாலுக்கு உரிய லட்சணத்தோடு வந்துவிடும். முட்டை பொரிந்து சுமார் 10, 12 நாளில் இவ்வளவும் நடந்துவிடும்.

பார்க்கப் போனால் 12 நாள் கதை. இதைப் படிக்க அவருக்கு ஆறு, ஏழு ஆண்டு ஆயிற்று.

யுத்தத்தில் புதைந்த புத்தகம்

தாம் கண்டதை எல்லாம் புஜினாகா எழுதினார். தாய் இறால் சினைப்படுவது, முட்டை இடுவது, குஞ்சு ஒவ்வொரு படியிலும் மாறுவது, அதற்கு ஊட்டும் விதம் எல்லாவற்றையும் படத்தோடு எழுதினார். ஏறக்குறைய 90 பக்கம். இங்கிலீஷில் எழுதினார். உலகம் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அது அச்சில் வந்த வருஷம் 1942!

ஜப்பான் அப்போது அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் யுத்தம் செய்துகொண்டிருந்தது. ஜப்பானில் அச்சான பத்திரிகை கடல் கடந்து எப்படிப் போகும்? யாருக்காக இங்கிலீஷில் எழுதினாரோ அவர்கள் படிப்பதற்குப் பல காலம் ஆயிற்று.

அந்தக் கட்டுரையில் அவர் பெயர் ஹூடினாகா என்று அச்சாகி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜப்பான் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத அப்படி ஒரு முறை இருந்தது. புஜினாகா வேறு, ஹூடினாகா வேறு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் ஒருவரே.

1945-ல் யுத்தம் முடிந்தது. ஜப்பான் சாம்பலாகக் கிடந்தது. ஜனங்களுக்குச் சோறு இல்லை. இந்த நிலையில் ஓட்டலுக்கு இறால் வளர்க்கும் ஆராய்ச்சியை யார் கேட்பார்கள்? புஜினாகா அரசாங்க மீன்வள இலாகாவில் வேலை பார்த்தார். ஆராய்ச்சிப் பிரிவில் உயர்ந்த பதவிக்கு வந்தார். நாற்காலி, மேஜை, கோப்பு என்று பல வருஷம் கழிந்தது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

56 வயதில் புது வேலை

1959-ல் புஜினாகா அரசாங்க வேலையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 56. பேரன் பேத்தியோடு பொழுதைக் கழிக்கும் வயது. அவரோ தகமாட்சு என்ற ஊருக்கு அருகே கடற்கரையில் இறால் வளர்க்கும் வேலையைத் தொடங்கினார்!

ஆராய்ச்சிக்கூடத்தில் ஜாடியில் வளர்ப்பது வேறு. தொழிலாக நடத்துவது வேறு. ஜாடியில் ஆயிரம் குஞ்சு பிழைத்தால் அது வெற்றி. பண்ணைக்கோ லட்சம், பத்து லட்சம் வேண்டும். அத்தனை குஞ்சுக்கும் ஜாடி ஜாடியாகப் பாசி வளர்த்துக் கொட்டுவது நடக்கிற காரியமா? ஆள் கூலி கட்டாது.

இடம் வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? ஜப்பானின் உள்கடல் ஓரத்தில் ஏராளமான உப்பளங்கள் இருந்தன. அந்தச் சமயத்தில் அரசாங்கம் பல உப்பளங்களை மூடியது. பாத்திகள் காய்ந்து கிடந்தன. கரை இருக்கிறது. மதகு இருக்கிறது. கடல் தண்ணீர் வரும் வாய்க்காலும் இருக்கிறது. இறால் குளத்துக்கு வேறு என்ன வேண்டும்?

1963-ல் தம் பிறந்த மாவட்டமான யமாகுச்சியில், ஐயோ என்ற ஊரில், பழைய உப்பளத்தில் பண்ணை அமைந்தது. ஊர்ப் பெயர்தான் ஐயோ. நடந்தது நல்ல காரியம். ஜப்பானில் இறால் வளர்ப்பு பிறந்த இடம் என்று அந்த ஊருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பாசிப் பிரச்சினைக்கும் விடை கிடைத்தது. அவரும் கிட்டாகா என்ற துணை விஞ்ஞானியும் சேர்ந்து பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் வேலை செய்தார்கள். ஒரு தொட்டி சுமார் 200 டன் தண்ணீர் கொள்ளும். கடல் தண்ணீரை வடிகட்டி நிரப்பினார்கள். தாய் இறால்களை நேராக அதிலேயே விட்டார்கள். அவை முட்டை இட்டதும் தாய்களை எடுத்துவிட்டார்கள். பிறகு தொட்டியிலேயே உரம் போட்டார்கள். வெயில் பட்டது. கடல் தண்ணீரில் இயற்கையாக இருக்கும் டயாட்டம் அந்த உரத்தைத் தின்று பெருகியது. அதே தொட்டியில் பிறந்த குஞ்சுகள் அதைத் தின்றன.

தனி ஜாடி இல்லை. தனி அறை இல்லை. வயலில் நெல்லோடு மீன் வளர்வது போல, ஒரே தொட்டியில் புல்லும் வளர்ந்தது, மாடும் வளர்ந்தது!

இதில் ஆபத்தும் உண்டு. வானம் மூடிக்கொண்டால் பாசி பெருகாது. பெருகினாலும் எந்தப் பாசி பெருகும் என்று சொல்ல முடியாது. ஒரு தொட்டி நன்றாக வரும். பக்கத்துத் தொட்டி பாழாகும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து கால்வெஸ்டன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள் இதனால்தான் பழைய வழிக்கே போனார்கள். சுத்தமான பாசியைத் தனியே வளர்த்து, அளந்து ஊட்டினார்கள். நம் நாட்டுப் பொரிப்பகங்களும் பாசியைத் தனியே வளர்க்கும் வழியில்தான் போகின்றன. ஆனால் இரண்டு வழிக்கும் வேர், யுத்த காலத்தில் அச்சான அந்த 90 பக்கம்தான்.

உப்பளத்துப் பூச்சி

ஜோயியாவுக்குப் பாசி போதும். மைசிஸ் பருவம் வந்ததும் பாசியோடு மாமிசமும் கேட்கும். அதுவும் உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு இரை ஆர்ட்டீமியா.

தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் உப்பளத்தைப் பார்த்திருப்பார்கள். உப்பு முற்றிய பாத்தியில் மீன் வாழாது, புழு வாழாது. ஆனால் இறகு போல நீந்தும் ஒரு சின்னப் பூச்சி வாழும். அதுதான் ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு.

இந்தப் பூச்சிக்கு ஒரு விசேஷ குணம். தண்ணீர் வற்றும் காலம் வந்தால் கெட்டித் தோல் போர்த்திய முட்டை இடும். அந்த முட்டையைக் காய வைத்து டப்பாவில் அடைத்து வைக்கலாம். வருஷக்கணக்கில் கெடாது. கேழ்வரகை விடச் சின்னதாக, காபித்தூள் மாதிரி இருக்கும். வேண்டும்போது கடல் தண்ணீரில் போட்டுக் காற்று ஊதினால் ஒரே நாளில் குஞ்சு பொரியும்! அரை மில்லிமீட்டர் அளவுள்ள உயிருள்ள இரை தயார்.

அமெரிக்காவில் சீல் என்பவர் 1933-லும், நார்வேயில் ரோலெப்சன் என்பவர் 1939-லும் மீன் குஞ்சுக்கு இதை ஊட்டலாம் என்று காட்டினார்கள். டானெவிக் கேப்டன் தேடிய இரை அவர் இறந்து பல வருஷம் கழித்துக் கிடைத்தது. அமெரிக்க உப்பேரிகளில் இருந்து வரும் முட்டைக்கு விலை அதிகம். ஆனாலும் அதை விட்டால் வேறு கதி இல்லை. புஜினாகாவின் பண்ணையிலும் இறால் குஞ்சுகள் ஆர்ட்டீமியாவைத் தின்றன. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சிப்பிச் சதையைக் கொத்திப் போட்டார்கள்.

வித்தையை ஒளிக்காதவர்

கஷ்டப்பட்டுக் கண்ட வித்தையைக் குடும்பச் சொத்தாகப் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. புஜினாகா அப்படிச் செய்யவில்லை. 1967-ல் அவரும் கிட்டாகாவும் பெரிய தொட்டி முறையை விவரமாக எழுதி வெளியிட்டார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் தைவான் நாட்டு லியாவோ. அவர் ஊருக்குத் திரும்பி 1968-லேயே புலி இறாலின் குஞ்சை வளர்த்துக் காட்டினார். குருமா இறால் குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்றது. புலி இறால் நம்மைப் போல வெப்பப் பிரதேசத்துச் சரக்கு. தைவான் வழியாகத்தான் இந்த வித்தை ஆசியா முழுவதும் பரவியது.

புஜினாகா 1973-ல் காலமானார். வயது 70. இறால் வளர்ப்பின் தந்தை என்று உலகம் அவரைச் சொல்கிறது.

நம் கடற்கரையில்

அவர் இறந்த பிறகுதான் இந்தியாவில் வேலை சூடு பிடித்தது. 1970-களில் கொச்சிக்கு அருகே நாரக்கல்லில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் வெள்ளை இறாலின் குஞ்சை வளர்த்தார்கள். பிறகு தமிழ்நாட்டில் மகாபலிபுரம், மரக்காணம் என்று கடற்கரை நெடுகப் பொரிப்பகங்கள் வந்தன. 2009-ல் வனாமி என்ற அமெரிக்க இறாலை வளர்க்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

எல்லாம் நன்மையாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. 1990-களில் கிழக்குக் கரையில் வயல்கள் இறால் குளம் ஆயின. குடிதண்ணீர் உப்பாயிற்று என்று ஏழைகள் முறையிட்டார்கள். சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பரில் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2005-ல் பண்ணைகளுக்குச் சட்டம் வந்தது. கைவிட்ட உப்பளத்தில் பண்ணை வைத்தவர் புஜினாகா. விளையும் நிலத்தில் வெட்டியது பின்னால் வந்தவர்களின் ஆசை.

இறால் குஞ்சோடு கதை நிற்கவில்லை. கடல் மீன் குஞ்சுக்கும் இதே வழிதான். ஆனால் மீன் குஞ்சு இறால் குஞ்சைப் போல வடிகட்டித் தின்னாது. அசைகிற இரையைக் கண்ணால் பார்த்துக் கவ்வும். அதன் வாய்க்கு ஆர்ட்டீமியாவும் பெரியது. இடையில் ஒரு இரை வேண்டும்.

அதுவும் ஜப்பானில்தான் கிடைத்தது. விலாங்கு மீன் குளங்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் பெருகித் தொல்லை கொடுத்தது. அதன் தலையில் உள்ள மயிர்கள் அசையும்போது சக்கரம் சுற்றுவது போலத் தெரியும். 1960-ல் இட்டோ என்ற விஞ்ஞானி, இந்தத் தொல்லையையே மீன் குஞ்சுக்கு இரை ஆக்கலாம் என்று காட்டினார். குருமா இறாலும் சக்கரம், அதன் பிறகு வந்த இரையும் சக்கரம்!

பாசியை வளர்த்து ரோட்டிஃபருக்குப் போடுவது. ரோட்டிஃபரை மீன் குஞ்சுக்குப் போடுவது. குஞ்சு வளர்ந்ததும் ஆர்ட்டீமியா. இந்த வரிசையில்தான் 1997-ல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் கொடுவா மீன் குஞ்சை இந்தியாவிலேயே முதன்முதலாக வளர்த்தார்கள். 2010-ல் மண்டபத்தில் கடல் விரால் குஞ்சு வந்தது.

மரக்காணத்திலும் உப்பளம் உண்டு. அதைத் தாண்டிக் கடலோரம் போனால் பொரிப்பகங்களில் இரவு முழுவதும் விளக்கு எரியும். ஜோயியா பருவத்தில் அங்கே யாரும் நிம்மதியாகத் தூங்குவது இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு தொழிலாளி கண்ணாடிக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு எடுக்கிறார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். தூசி போன்ற குஞ்சுகளின் வாலில் அந்த நூல் தொங்குகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார்.